உயிர் என்னுஞ் சொல் பொருளற்றதோ?

1935-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு ஸ்டான்லி என்பார், புகையிலைப் பயிர்க்குத் தேமல்நோய் விளைக்கும் வைரசைப் பிரித்தெடுத்துப் படிகமாக்கினார். குப்பியிலுள்ள அப்படிகம் உண்பதில்லை, மூச்சுவிடுவதில்லை, வளர்வதுமில்லை. அதனைக் கரைத்துப் புகையிலை இலையில் தேய்த்தவழியோ, பல்கிப் பெருகிப் பயிரைப் பிணிப்படுத்துகின்றது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து அறிஞராகிய பாடனும் பிரீயும், அதன்கண் புரதத்தொடு நியூக்ளிக் அமிலமும் உண்டெனக் கண்டனர். இஃது உயிருள்ளதோ, அன்றோ என்னும் வினா இதனால் வலுப்பெற்றது.

இவ்விருவருள் பிரீ, 1937-இல் எழுதிய கட்டுரையில், உயிர், உயிருள்ளது என்னுஞ் சொற்கள் பொருளற்றன என வாதித்தார். உயிர்க்கு இலக்கணமாகக் கூறப்படுவன எவையும் குற்றமின்றி நில்லாமையே அவர் கொண்ட ஏது. இனப்பெருக்கமே இலக்கணமெனின், கோவேறு கழுதைக்கண் அஃதின்மையின் அவ்வியாப்தியாம். வளர்ச்சியெனின், உப்புக் கரைசலில் படிகமும் வளர்தலின் அதிவியாப்தியாம். இத்துணையும் ஒப்பத்தக்கதே.

ஆயின், இலக்கணங் கூறலாகாமை வேறு, பொருளின்மை வேறு. வைகறையில் இரவு முடியுமிடம் இதுவெனக் கோடிட்டுக் காட்ட ஒல்லாது. அதுபற்றி நள்ளிரவும் நண்பகலும் ஒன்றென்பார் இலர்.

அன்றியும், அவ்வைரஸ் நோய்செய்யும் ஆற்றலுடையதோ என அறிதற்கு இலையிலேயே அதனைத் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். கொதிநீரிலிட்ட இலை அதற்கு உதவாது. உயிருள்ள இலையே வேண்டும். எனவே பிரீ சொல்லால் மறுத்த வேறுபாட்டைத் தம் சோதனையால் உடன்பட்டாராயினர். இது தன்வசன விரோதமாம்.

அற்றேல், அவ்வைரஸ் உயிருள்ளதென்றே கொள்க எனின், அதுவும் அமையாது. 1955-இல் பிரெங்கல்-கான்ராட், வில்லியம்ஸ் என்னும் இருவர், அதன் புரதத்தையும் நியூக்ளிக் அமிலத்தையும் வெவ்வேறாக்கி மீளக் கலந்தவழி, நோய்செய்யும் வைரஸ் மீண்டும் அமைந்தது. அமிலந் தனித்தும் நோய்செய்யும் என்பது 1956-இல் புலனாயிற்று. எனினும், ஏறத்தாழ 6,400 அலகுகள் கோத்த அவ்வமிலம் குப்பியில் தானே ஒன்றுஞ் செய்வதில்லை. புரதமாக்குங் கருவியும், அதற்கு வேண்டும் மூலப்பொருளும் ஆற்றலும் இலையின் உயிரணுவுக்கே உரியன. ஆகவே பெருகுதல், வைரசும் உயிரணுவும் கூடியவழி நிகழுந் தொழிலேயன்றித் தனிப்பொருளின் குணமன்று.

ஆதலின், இப்பொருள் உயிருள்ளதோ என வினாவுதலினும், எதனொடு கூடி எத்தொழில் செய்கின்றது என வினாவுதலே முறை. தமிழில் உயிர் என்பது அறிவுடைப் பொருளாகிய ஆன்மாவையுங் குறிக்கும். ஈண்டு ஆராயப்பட்டது உடம்பின்கண் நிகழும் உயிர்த்தொழிலே. படிகத்தைக் காட்டி ஆன்மா இல்லையென்பாரும், அதனையே காட்டி உண்டென்பாரும் ஒருசொல்லின் இருபொருளை மயங்கினோரேயாவர்.

பிரீயின் கட்டுரையாற் பெறும் பயன், சொல்லை விடுதலன்று. அதனை அளந்து வழங்குதலேயாம்.