கொட்டாஞ்சேனைக்கு எதற்கு ஹீட்டர்?

கொழும்பு 13இல் வாகன ஹீட்டரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சிரிப்புத்தான் பதிலாக வரும். மார்கழி, தை விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊர் இது. ஜம்பட்டா வீதியில் காலை ஒன்பது மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெக்கையில் ஒரு பழைய மொரிஸ் மைனர் பிக்அப்பின் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தால், அபூர்வமாகச் சில வண்டிகளில் கறுப்புத் தகரத்தாலான வட்டப் பெட்டி ஒன்று தொங்கும். ஸ்மித்ஸ் கம்பனி செய்த ஹீட்டர் அது. பனிக்காலத்து இங்கிலாந்துக்காக வடிவமைத்த அந்தப் பெட்டி, துறைமுகத்து உப்புக்காற்றில் அறுபது எழுபது வருடமாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிரித்தவரே அடுத்த நிமிடம் நுவரெலியாவை நினைத்துக்கொள்வார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ரம்பொடையில் ஏறும்போது மழையும் மேகமும் சேர்ந்து இறங்கினால் முன்கண்ணாடி உட்பக்கம் வெளுத்துப் போகும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் பழைய சாரத்துண்டு என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிய பிக்அப்காரர்களுக்குத்தான் ஹீட்டரின் அருமை தெரியும். வெப்பமண்டலத்தில் அது குளிர்காயும் அடுப்பாக இருக்கவேண்டியதில்லை. கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை விரட்டினால் போதும்.

உள்ளமைப்பு எளியது. எஞ்சின் தலையிலிருந்து கொதிநீர் ஒரு குழாய் வழியாக வந்து, பெட்டிக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் சுற்றி, இன்னொரு குழாயால் திரும்பும். பின்னால் ஒரு மின்விசிறி. வழியில் ஒரு டெப், அதாவது தண்ணீரை அடைக்கும் வால்வு. பழுதும் இந்தப் பாகங்களிலேயே வரும். பல வருடம் திறக்காத வால்வு இறுகிவிடும்; சின்ன ரேடியேட்டருக்குள் துருச்சேறு அடைத்துவிடும்; பித்தளையில் ஊசித்துளை விழுந்து, கால் மிதியில் சுடுதண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் சொட்டுமிடத்துக்கு மேலேயே வயர்க்கட்டும் ஓடுவதால் ஹீட்டர் பழுதும் வயரிங் பழுதும் பெரும்பாலும் ஒரே நாளில் கராஜுக்கு வந்து சேரும்.

கொழும்பில் இதற்குக் காலங்காலமாக இருக்கும் வைத்தியம் ஒன்றே. இரண்டு குழாயையும் கழற்றி, ஒரே துண்டுக் குழாயால் நீர் போன வழியே திரும்ப விட்டுவிடுவது. “இந்த ஊருக்கு ஹீட்டர் எதுக்கு பாஸ், லூப் பண்ணிடுங்க” என்று சொந்தக்காரரே சொல்லிவிடுவார். அதில் ஒரு நட்டம் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு உபரிச் சூட்டை வண்டிக்குள் இறக்குவது பழைய சாரதிகளின் கைவித்தை. சாரதி வியர்வையில் குளிப்பார், எஞ்சின் தப்பிக்கும். லூப் போட்ட வண்டியில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

எல்லோரும் லூப் போடுவதில்லை. பழைய வண்டியைப் பழைய வண்டியாகவே வைத்திருக்க விரும்புகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் சில நிமிடத் தூரத்தில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. அங்கே கடைக்குக் கடை கழற்றிக் குவித்த எஞ்சின், கியர்பொக்ஸ், கதவு, கண்ணாடி. பெரும்பாலானவை ஜப்பான் வாகனங்களின் பாகங்கள். ஜப்பானில் பனி கொட்டும். ஆகவே அங்கிருந்து வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஹீட்டர் கட்டாயம் இருக்கும். பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே, வியர்த்துக்கொண்டிருக்கும் ஒரு தெருவில், ஹொக்கைடோவின் குளிருக்காகச் செய்த ஹீட்டர்கள் குவியலாகக் கிடப்பது இப்படித்தான். ஸ்மித்ஸ் பெட்டிக்குள் அளந்து பார்த்து அடங்கினால், ஒரு சின்ன சுசூக்கி வேனின் ஹீட்டர் ரேடியேட்டரோ விசிறி மோட்டாரோ மொரிஸுக்குள் குடியேறிவிடும். ஒரு வித்தியாசம் மெக்கானிக் பாஸ்மார்களுக்குத் தெரியும்: பழைய பித்தளை ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றலாம், அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த ஒட்டுக்கட்டும் பழக்கத்துக்கு வரலாறு உண்டு. மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் பிக்அப்பும் வேனும் 1953இல் சேர்ந்தன. இன்றும் இலக்கத்தகட்டில் இ.என். அல்லது இ.எல். என்று ஆங்கில எழுத்தோடு ஓடும் வண்டி, 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ தகட்டுக்கு வருமுன் பதிவானது என்று கண்டுகொள்ளலாம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து வாகன இறக்குமதி இறுகியது. புது வண்டியும் இல்லை, புதுப் பாகமும் இல்லை. இருந்ததை வைத்து ஓட்டப் பழகிய தலைமுறை அது. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் ரிகண்டிஷன் வாகனங்கள் வெள்ளமாக வந்தன. அவற்றின் பாகங்களும் வந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய இரும்புக்கு மரியாதை கூடிய காலம்.

பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் கதை வேறு மாதிரி. இந்தியா வண்டியை இறக்குமதி செய்வதை விட்டு, வார்ப்பையே வாங்கிக்கொண்டது. பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மொரிஸ் ஒக்ஸ்போர்டின் மூன்றாம் பதிப்பை அம்பாசடர் ஆக்கி, 1950களின் பிற்பகுதி தொடங்கி 2014 மே வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்துகொண்டே இருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஹெரால்ட் காரோடு ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன், பிக்அப் வகையையும் செய்து, 1988இல் மூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரித்தானிய வண்டிகளின் மின்சாரத்தைத் தன் கையில் வைத்திருந்த லூக்காஸ் கம்பனி, டி.வி.எஸ்.ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1961இல் லூக்காஸ்-டி.வி.எஸ். ஆனது, பாடியில் தொழிற்சாலை எழுந்தது. டைனமோ, ஸ்டார்ட்டர் முதலியவை உள்ளூரிலேயே புதிதாகக் கிடைத்தன. தமிழ்நாட்டு மெக்கானிக்குக்கு ஜப்பானைத் தேடவேண்டிய தேவை வரவில்லை. புதுப் பாகத்துக்கு அண்ணா சாலைக்குப் பக்கத்து ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதற்குப் புதுப்பேட்டை. ஹீட்டருக்கும் இந்தியா கடல் தாண்டவில்லை. வடக்கே டில்லியிலும் இமாச்சலிலும் சொந்தக் குளிர் இருக்கிறது. ஆகவே டில்லியின் காஷ்மீரி கேட் சந்தை இருக்கிறது. 2,240 மீற்றர் உயரத்து ஊட்டியில் ஒரு ஜீப்புக்கு ஹீட்டர் வேண்டுமென்றால் அது வடக்கிலிருந்து ரயிலிலோ லாரியிலோ இறங்கும். கொட்டாஞ்சேனைக்கு வருவது கப்பலில் வந்த குளிர்.

ஹீட்டரில் இருக்கும் இந்த வேறுபாடு வயரிங்கில் வந்தால் இன்னும் கூர்மையாகிறது.

அந்தக் கால மொரிஸின் வயரிங் ஒரு நேர்மையான ஏற்பாடு. ரப்பர் உறை, அதன்மேல் பின்னல் பருத்தி நூல். நிறத்தைப் பார்த்தாலே வேலை தெரியும்: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருப்பியதும் உயிர் பெறுவது, பச்சை அதிலிருந்து பியூஸ் தாண்டி வருவது, நீலம் பெரிய லைட், சிவப்பு சின்ன லைட், கறுப்பு எர்த். முழு வண்டிக்கும் இரண்டே பியூஸ், இரண்டும் பெரியவை. பெரிய லைட்டுக்குப் பியூஸே கிடையாது. கொழும்புக் காற்றில் ரப்பர் வெடித்து, செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, இரண்டு வயர் உரசினால் பியூஸ் எரிவதற்கு முன் புகை வரும். பழைய வண்டிக்காரர் மூக்கால் பழுது கண்டுபிடிப்பது இதனால்தான்.

இன்னொரு விநோதம்: இந்த வண்டிகளில் பெட்டரியின் நேர்முனைதான் பொடியோடு எர்த் ஆகியிருக்கும். ஜப்பான் வண்டிகளில் நேர்மாறு. சி-40 வகை டைனமோ தருவது 22 அம்பியர். லைட்டும் வைப்பரும் ஹீட்டர் விசிறியும் ஒன்றாக ஓடினால் மூச்சு வாங்கும். எனவே கொழும்பில் பலர் டைனமோவைக் கழற்றிவிட்டு, ஏறத்தாழ இரண்டு மடங்கு தரக்கூடிய ஒரு ஜப்பான் ஒல்டர்னேட்டரைப் பூட்டுகிறார்கள். பூட்டும்போது முழு வண்டியையும் எதிர்முனை எர்த்துக்கு மாற்றவேண்டும்: பெட்டரி வயர், கொயில் முனைகள், அம்மீட்டர் இருந்தால் அதன் முனைகள். இதில் அடிக்கடி மறக்கப்படுவது ஹீட்டர் விசிறி. அதன் மோட்டாருக்குள் இருப்பது நிரந்தரக் காந்தமாக இருந்தால் முனை மாறியதும் விசிறி தலைகீழாகச் சுழலும். காற்று வருவதுபோல இருக்கும், கண்ணாடி தெளியாது. சொந்தக்காரர் ஹீட்டரைத் திட்டுவார். குற்றம் இரண்டு வயரை மாற்றிப் பூட்டாததில்.

பாதி லூக்காஸ், பாதி டொயோட்டா என்று கலந்த வயர்க்கட்டில் நிறங்களும் பொய் சொல்லத் தொடங்கும். டொயோட்டாவில் எர்த் வயர் வெள்ளையில் கறுப்புக் கோடு. லூக்காஸ் மொழி படித்த ஒருவர் வெள்ளையைக் கண்டதும் சாவிக்கும் கொயிலுக்கும் தொடர்பானது என்று நினைத்துவிட்டால் அன்றைக்குப் புகைதான். பூட்டிய பாஸுக்கு மட்டுமே விளங்கும் வண்டிகள் கொழும்பில் ஏராளம்; பாஸ் வெளிநாடு போய்விட்டால் வண்டி ஊமையாகிவிடும்.

சென்னையில் அணுகுமுறை வேறு. “அண்ணே, ஒட்டுப்போடாதீங்க, ஃபுல்லா புது ஒயரிங் போட்ருங்க” என்பதுதான் வழக்கமான வேண்டுகோள். பழைய கட்டைக் கழற்றித் தரையில் விரித்து, அதே நீளத்துக்குப் புது வயரை வெட்டி, அதே நிறம் பிடித்துக் கட்டித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அங்கே இருக்கிறார்கள். அம்பாசடருக்கோ தயாராகச் செய்த கட்டே கடையில் தொங்கியது. வேலை சுத்தம். ஆனால் பழைய பருத்திப் பின்னல் போய், பிளாஸ்டிக் உறை வந்துவிடும். வண்டி உடம்பால் 1960, நரம்பால் 1990.

கைத்திறன் எந்தக் கரையில் கூடுதல் என்று கேட்டால், ஒட்டுவதில் கொழும்பு ஒரு படி மேலே என்றுதான் சொல்லவேண்டும். பொருந்தாத இரண்டைப் பொருத்துவதற்கு, இருப்பதைப் போலவே இன்னொன்றைச் செய்வதைவிட அதிக யோசனை வேண்டும். அதற்காக அந்த ஒட்டு வேலையெல்லாம் பாதுகாப்பானது என்று பொருளில்லை. பியூஸ் இல்லாத லைட் வயரில் இன்னொரு இணைப்பைக் கொளுவிவிடுவதும் அதே கொழும்பில்தான் நடக்கிறது.

சட்டமும் இரண்டு பழக்கத்தையும் இரண்டு பக்கம் இழுக்கிறது. இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை ‘வி.ஏ.’ வரிசையில் விண்டேஜாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடச் செல்லுபடி. ஆனால் அதை அன்றாடம் ஓட்டக்கூடாது, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அங்கே விண்டேஜ் ஆகிவிட்ட பிக்அப்பில் ஒரு மூட்டை வெங்காயம் ஏற்ற முடியாது. இலங்கையில் புகைப் பரிசோதனையும் வருடாந்த அனுமதிப்பத்திரமும் சரியாக இருந்தால், மொரிஸ் இன்னும் சாமான் இழுக்கலாம். காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு ஹீட்டர் அழகுப் பொருள். மலைக்கு மரக்கறி ஏற்றப் போகும் வண்டிக்கு அது கருவி.

சாமான் இழுக்கும் வேலையை இன்று இரண்டு கரையிலும் பெருமளவுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே இந்திய வண்டி. டாட்டா ஏஸ், தமிழ்நாட்டில் குட்டி யானை, இங்கே டிமோ பட்டா.

கொழும்பு எப்போதும் பிறர் பாகத்தை வாங்கியே பிழைத்தது என்று எழுதினால் அதுவும் முழு உண்மை ஆகாது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களின் தொடக்கத்தில் இலங்கையில் மொரிஸ் பாகங்கள் செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இங்குள்ளவர்கள் கையால் அடித்துச் செய்த தகரப் பாகங்கள், அந்த வண்டி பிறந்த நாட்டுக்கே கப்பலேறின.

ரம்பொடையின் மேல் வளைவில் இன்றும் எப்போதாவது ஒரு மொரிஸ் பிக்அப் ஏறும். எஞ்சின் லூக்காஸ் கொயிலில் ஓடும். மின்சாரத்தை ஜப்பான் ஒல்டர்னேட்டர் தரும். பச்சை வயரில் வரும் அந்த மின்சாரத்தில் சுசூக்கி விசிறி சுழலும். இடப்பக்கக் கண்ணாடி முதலில் தெளியும், பிறகு சாரதி பக்கம், கையளவு.