பதினைந்தா, ஐந்தா, மூன்றா?

'தமிழ்' என்ற சொல்லை வெறும் மேற்கோள் குறிக்குள் எழுதி, அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2 நிரல்மொழியிடம் கேட்டால் 15 என்று சொல்லும். பைத்தான் 3-இடம் கேட்டால் 5. பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் மூன்று. யூடிஎஃப்-8 முறையில் இந்தச் சொல்லின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், ஐம்மூன்று பதினைந்து. பழையது பைட்டை எண்ணியது, புதியது குறியீட்டை எண்ணுகிறது. எழுத்தை எண்ண இரண்டுக்குமே தெரியாது.

அந்த மூன்று என்ற விடையைத் தருவதற்காக எழுதப்பட்டது ஓப்பன்-தமிழ் நிரல் தொகுப்பு. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்தது. பைத்தான் 2, பைத்தான் 3 இரண்டிலும் ஒரே நிரலாக அது பல ஆண்டுகள் ஓடியது. எழுத்துகளைப் பிரிக்கும் கோப்பைத் திறந்தால், ஓடுவது பைத்தான் 3-தானா என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளும் ஒரு மாறி இருக்கும். கீழே வேண்டிய இடங்களில் அதைக் கேட்டு, இப்படியானால் இது, அப்படியானால் அது என்று நிரல் கிளை பிரியும். இந்தப் பழக்கம் நமக்கு என்ன தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதை எடை போட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம். களம்பூரில் பட்டு நெசவுக் கணக்குக்காகச் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதையே இரண்டு பதிப்பிலும் ஓட்டியவன் நான்.

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பர் 3 அன்று. பழைய நிரல்கள் பல அதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். அப்போது சொல்லப்பட்ட வழி, நிரலைப் பழைய மொழியிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் 'டூ-டு-த்ரீ' என்ற கருவியால் புதியதாக மாற்றிக்கொள்வது. மாற்றி வந்த நிரலில் பிழை கண்டால் திருத்துவது பழையதில்; திருத்தியதும் மறுபடி மாற்ற வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு கிளைகளாகப் பிரித்து வைத்தவர்களுக்கோ ஒவ்வொரு திருத்தமும் இரட்டை வேலை. இன்னொரு வழி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரேயடியாக மாறுவது. எங்கள் ஊரில்தான் ஆரணி ரோடு ரயில் நிலையம் இருக்கிறது. காட்பாடி–விழுப்புரம் மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோது ரயிலை நிறுத்திவிட்டுத்தான் வேலை நடந்தது. பஸ் இருந்ததால் சமாளித்தோம். கணக்கு எழுதும் நிரலை அப்படி நிறுத்தி வைக்க முடியாது.

அதனால்தான் இரண்டிலும் ஓடும் ஒரே நிரல் என்ற வழி மேலே வந்தது. மொழியை உருவாக்கியவர்கள் வகுத்த வழியல்ல இது, பயன்படுத்தியவர்கள் கண்டுபிடித்தது. 2010-இல் பெஞ்சமின் பீட்டர்சன் இதற்கு உதவும் 'சிக்ஸ்' என்ற சிறு தொகுப்பை எழுதினார். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதுதான் பெயர். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ தொகுப்பு 2013-இல் தன் 1.5 பதிப்பில் இந்த வழிக்கு வந்தது. நம்மை நேராகத் தொட்ட மாற்றம் 2012 செப்டம்பரில் வந்த பைத்தான் 3.3. பழைய மொழியில் யூனிகோட் சரங்களுக்கு முன்னால் போடும் 'யு' எழுத்தை பைத்தான் 3 முதலில் தூக்கி எறிந்திருந்தது. ஆர்மின் ரோனாக்கர் எழுதிய முன்மொழிவை ஏற்று 3.3-இல் திரும்பச் சேர்த்தார்கள். புதியதில் அந்த எழுத்துக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் வரிக்கு வரி தமிழ்ச் சரங்கள் உள்ள ஒரு கோப்பை மாற்றி எழுதாமல் இரண்டிலும் ஓட்ட அந்த ஒரு எழுத்து உதவியது. தானே விலக்கியதை ஒரு மொழி இப்படித் திரும்ப எடுத்துக்கொண்டது பெரிய மனது என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு கணினியைச் சொல்ல வேண்டும். தறி இருக்கும் கூடத்தின் மூலையில், பாவு சுற்றிய உருளைக்குப் பக்கத்தில், ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி, அதில் பைத்தான் 2. பைத்தான் 3.5 முதல் எக்ஸ்பியில் ஓடாது. கடையில் புது மடிக்கணினி, அதில் பைத்தான் 3.8. நடுவில் பென் டிரைவ். யாருக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை, எத்தனை சேலை, என்ன கூலி என்பது இரண்டு இடத்திலும் ஒன்றாக வர வேண்டும். புதுக் கணினி வாங்குங்கள் என்று சொல்வது எளிது. அந்தப் பணத்துக்கு எத்தனை சேலை நெய்ய வேண்டும் என்பது தறிக்குழியில் கால் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். வசதியில்லாதவரைக் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போனது இந்தப் பழக்கத்தின் முதல் சிறப்பு. மற்ற சிறப்புகளை இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

இரண்டாவதும் முக்கியம். பைத்தான் 2-இல் பைட்டும் யூனிகோடும் கலந்தால், ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும்வரை எதுவும் நடக்காது. ஒரு தமிழ்ப் பெயர் வந்த நொடியில், ஆஸ்கியால் இந்த பைட்டைப் படிக்க முடியவில்லை என்று நிரல் விழும். பிழைச் செய்தியில் பெரும்பாலும் 0எக்ஸ்-இ0 என்ற பைட்தான் காட்டப்படும். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துகளுக்கான குறியீடுகள் எல்லாம் அந்த பைட்டில்தான் தொடங்குகின்றன. இரண்டு பதிப்பிலும் ஓட வேண்டும் என்றால் எது பைட், எது எழுத்து என்று ஒவ்வொரு எல்லையிலும் தீர்மானித்தாக வேண்டும். கோப்பிலிருந்து வாசிக்கும்போது ஒருமுறை, எழுதும்போது ஒருமுறை. அந்தக் கட்டாயம் என் பழைய நிரலைத் திருத்தியது. இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

இனி குறைகள். நிரல் இரண்டிலும் ஓடுகிறது என்பது ஒன்று, இரண்டிலும் ஒரே விடை தருகிறது என்பது வேறொன்று. விழும் நிரலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது தன் பிழையைக் காட்டிவிடும். விழாமல் தவறாகச் சொல்வதுதான் கொடியது. ஒருநாள் கூடத்துக் கணினியில் கணக்குப் பார்த்தவர், "தம்பி, ரெண்டு கிராம் பட்டு எங்க போச்சு?" என்று கேட்டார். 1,350 கிராம் பட்டு, நான்கு சேலை. புதியதில் சேலைக்கு 337.5 கிராம். பழையதில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்து 337. நாலால் பெருக்கிப் பார்த்தால் 1,348. எடை குறைந்தால் பழி நெய்தவர் மேல்தான் விழும் என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வகுத்தல் புதிய முறையில் நடக்கட்டும் என்று நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்தால் தீரும் சிக்கல் அது. நான் சேர்க்கவில்லை. தவறு என்னுடையது.

அதைத் திருத்திய பிறகு இன்னொன்று வந்தது. 862.50 ரூபாயை முழு ரூபாயாக்கச் சொன்னால் பைத்தான் 2 தருவது 863, பைத்தான் 3 தருவது 862. புதியது சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். கணிதத்தில் அதற்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் கூலிச் சீட்டு கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வந்தால் அந்தக் காரணத்தை யார் கேட்பார்கள்? இங்கே தலையில் சேர்க்க ஒரு வரியும் கிடையாது. முழுமையாக்கலை நானே எழுத வேண்டியிருந்தது. இரண்டு பதிப்பிலும் ஒரே விடைதானா என்று எண்களை வைத்துச் சோதிக்காத நிரலை, இரண்டையும் ஆதரிக்கிறது என்று சொல்லக் கூடாது.

மற்றொரு குறை, தமிழர்களான நமக்குக் கூடுதலாக வலிப்பது. பைத்தான் 3-இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கூலி, பாவு, ஜரிகை என்று எழுதினால் நிரல் அப்படியே ஓடும். பழையதையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்றதும் அந்த உரிமை போய்விடுகிறது, ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிட வேண்டும். இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எழுதுவது என்றால், பழையது எட்டாத இடத்துக்குப் புதியதும் போகாது. முந்திரி, காணி, மா போன்ற தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்தன. விண்டோஸுக்கு வந்த பைத்தான் 2-இல் அந்தக் குறி ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படும், பாதியில் வெட்டுப்படவும் செய்யும். பழைய கணக்கோலைகளை எழுத்தாக்க நினைப்பவருக்கு ஒரே நிரல் என்ற வழி உதவாது.

அப்படியானால் எத்தனை நாள் தாங்குவது? பைத்தான் 2.7-க்கு முதலில் 2015 என்று குறித்த முடிவு நாளை 2020-க்குத் தள்ளினார்கள். கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில். ஜாங்கோ 2017 டிசம்பரில் 2.0 பதிப்போடு பழையதை விட்டது. எண் கணக்குகளுக்கான நம்பை தொகுப்பு 1.16-ஐப் பழையதற்கான கடைசிப் பதிப்பாகக் கொடுத்துவிட்டு நகர்ந்தது. இவர்கள் முன்கூட்டியே நாள் குறித்து அறிவித்தார்கள், நின்றுவிடுபவர்களுக்கு ஓடும் பதிப்பு ஒன்றையும் விட்டுச் சென்றார்கள். இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை.

தறியில் ஒரு பாவு முடிந்தால், அச்சில் புதிதாக இழை கோக்க மாட்டார்கள். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாக, சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. பிணைத்த முடிச்சுகள் அச்சைத் தாண்டி முன்னால் வந்த பிறகுதான் சேலை தொடங்கும். முடிச்சுகள் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால்தான் அது முடிகிறது. பதிப்பு பார்த்துக் கிளை பிரியும் வரிகளை நிரல் முழுக்க இறைத்துவைத்தால், பிறகு எங்கே வெட்டுவது என்றே தெரியாது. ஒரே கோப்புக்குள் அடக்கிவைத்தால் தெரியும். நான் முதலில் இறைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த இரண்டு கிராமுக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தேன்.

கூடத்து எக்ஸ்பி கணினி ஒரு மழைநாளில் நின்றது, பிறகு எழவில்லை. அன்று இரவே அந்தக் கோப்பை நிரலிலிருந்து எடுத்தேன். 1,350-ஐ நாலால் வகுக்கும் சோதனையையும் 862.50-ஐ முழுமையாக்கும் சோதனையையும் எடுக்கவில்லை. 'கே' என்று இருந்த மாறிக்குக் 'கூலி' என்று பெயர் மாற்றி ஓட்டினேன். ஓடியது.