தற்காப்புக் கொலை: அறநூலும் தண்டனைச் சட்டமும் – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

தன்னைக் கொல்ல வருபவனைத் தான் கொல்லலாமா என்னும் வினா மிகப் பழமையானது. இந்திய அறநூல்கள் இதற்குப் பல விடைகளை அளித்துள்ளன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறையிலுள்ள தண்டனைச் சட்டத்தொகுப்புகளும் இதற்கு விடை கூறுகின்றன. திருக்குறள் கொலையை முற்றாக விலக்குகிறது, சட்டமோ அதற்கு இடம் கொடுக்கிறது என இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி முடிவு கூறுவோர் நம்மிடையே உளர். வீடு புகுந்த கொள்ளையன் கொல்லப்பட்டான் என்னும் செய்தியைக் கேட்டவுடன், ‘அவன் சாக வேண்டியவன்தான்’ என்று கூறி, அதுவே சட்டத்தின் கருத்தும் ஆகும் என நம்புவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் மறுபார்வைக்கு உரியன. தற்காப்புக் கொலையைக் குறித்து அறநூல்களும் சட்டமும் எழுப்பும் வினாக்கள் வெவ்வேறானவை என்பதையும், இறந்தவனின் தகுதியைச் சட்டம் அளவுகோலாகக் கொள்வதில்லை என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ஆததாயி’ என்னும் கருத்தாக்கம்

வடமொழி அறநூல்களில் தற்காப்புக் கொலையைப் பற்றிய கருத்து ‘ஆததாயி’ என்னும் சொல்லைச் சுற்றி அமைந்துள்ளது. வில்லை நாணேற்றி வருபவன் என்பது இச்சொல்லின் அடிப்படைப் பொருள். தீ வைப்பவன், நஞ்சிடுபவன், படைக்கலத்தோடு பாய்பவன், பொருளைக் கவர்பவன், நிலத்தைப் பறிப்பவன், பிறன் மனைவியைக் கவர்பவன் ஆகிய அறுவரை வசிட்ட தருமசூத்திரம் ஆததாயிகள் எனப் பட்டியலிடுகிறது. மனுதரும சாத்திரத்தின் எட்டாம் இயல், ஆததாயி குருவாயினும் முதியவனாயினும் கற்றறிந்த அந்தணனாயினும் தயங்காது கொல்லலாம் என்றும், கொன்றவனுக்குக் குற்றம் இல்லை என்றும் கூறுகிறது.

இப்பட்டியல் செயலைச் சுட்டித் தொடங்கினாலும் ஆளைச் சுட்டி முடிகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஒருவன் ஆததாயி எனப் பெயர் பெற்றுவிட்டால், அவனைக் கொல்வது அப்பெயரினாலேயே நியாயமாகிவிடுகிறது. இதிலுள்ள இடரை அம்மரபினரே உணர்ந்திருந்தனர். பகவத்கீதையின் முதல் இயலில் அருச்சுனன் தன் உறவினரை ஆததாயிகள் என்றே குறிப்பிடுகிறான். ஆயினும், அவர்களைக் கொன்றால் பாவமே வந்து சேரும் என வருந்துகிறான். கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் மிதாட்சரை உரையை இயற்றிய விஞ்ஞானேசுவரர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். ஆததாயியாக வந்த அந்தணர் முதலானோரைக் கொல்லும் எண்ணமின்றித் தற்காப்புக்காகத் தடுக்கும்போது தவறுதலாக இறப்பு நேர்ந்தால், செய்தவனுக்குச் சிறு கழுவாய் உண்டு, அரச தண்டனை இல்லை என்பது அவர் முடிவு. கழுவாய் வேறு, அரச தண்டனை வேறு என அவர் பிரித்துக் காட்டியிருப்பது நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுகிறது. தண்டனைக்கு உரியதல்லாத ஒரு செயல், மாசற்ற செயலாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது இப்பிரிப்பிலிருந்து பெறப்படும்.

திருக்குறளின் நிலை

‘கொல்லாமை’ அதிகாரத்தில் அமைந்துள்ள 327-ஆம் குறள், தன்னுயிர் போவதாயினும் பிறிதோர் உயிரைப் போக்கும் செயலைச் செய்யற்க என விதிக்கிறது. தற்காப்பு என்னும் விலக்கு இதில் இல்லை. கொல்லப்படும்வழிப் பாவம் தேய்கிறது, கொல்லும்வழி வளர்கிறது என்பதே பரிமேலழகர் இதற்குக் காட்டும் காரணம். இவ்வதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆனால், ‘செங்கோன்மை’ அதிகாரத்தின் 550-ஆம் குறளில், கொடியோரை வேந்தன் கொலைத் தண்டனையால் ஒறுத்தல் பயிரிடையே களை எடுப்பதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது. ஆக, வள்ளுவர் ஒருவகைக் கொலைக்கு இடம் அளிக்கிறார். அவ்வதிகாரத்தை அவர் அளிப்பது அரசுக்கே ஆகும், தனிமனிதனுக்கு அன்று. தனிமனிதனிடம் அவர் பேசுவது, ‘நீ எதனைச் செய்யத் துணிவாய்?’ என்னும் மனச்சான்றின் வினாவைப் பற்றியே ஆகும். ‘செய்துவிட்ட ஒருவனை நாம் தண்டிக்கலாமா?’ என்னும் வினாவை 327-ஆம் குறள் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே, அக்குறளைக் கொண்டு தண்டனைச் சட்டத்தைக் குறை கூறுவதும், தண்டனைச் சட்டத்தைக் கொண்டு அக்குறளை நடைமுறைக்கு ஒவ்வாதது எனத் தள்ளுவதும் பொருந்தா.

தண்டனைச் சட்டத்தொகுப்பின் நிலை

இவ்விரு நாடுகளின் தண்டனைச் சட்டத்தொகுப்புகளும் இந்திய தண்டனைச் சட்டத்தை மூலமாகக் கொண்டவை. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைந்த அச்சட்டம், 1860-இல் நிறைவேற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தழுவிய நீரிணைக் குடியேற்றத் தண்டனைச் சட்டம் 1872-இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய மக்கள் கொள்ளைக் கூட்டத்தாரின் கொடுமைகளை எதிர்ப்பின்றிப் பொறுத்துக்கொள்கின்றனர், அவர்களுக்குத் தற்காப்புரிமையைக் கட்டுப்படுத்துவதைவிட ஊக்கமூட்டுவதே தேவை என வரைவாளர்கள் கருதினர். குடியேற்ற ஆட்சியினரின் மேட்டிமை நோக்கு இக்கருத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. எனினும், அவர்கள் வகுத்த விதிகள் ஊக்கமூட்டலோடு நின்றுவிடவில்லை.

மலேசியத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியன. 100-ஆம் பிரிவின்படி, மரணம் அல்லது கொடுங்காயம் விளையும் என்னும் நியாயமான அச்சத்தை எழுப்பும் தாக்குதல், வல்லுறவு, இயற்கைக்கு மாறான புணர்ச்சி, ஆள்கடத்தல் ஆகிய நோக்கங்களோடு கூடிய தாக்குதல், அதிகாரிகளின் உதவியை நாட இயலாதவாறு அடைத்துவைக்கும் நோக்கத்தோடு கூடிய தாக்குதல் ஆகியவற்றை எதிர்க்கையில் இவ்வுரிமை மரணம் விளைவிக்கும் அளவிற்கு விரிகிறது. 99-ஆம் பிரிவு இதற்கு இரு வரம்புகளை இடுகிறது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இவ்வுரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட மிகுதியான தீங்கை விளைவிக்கவும் இடமில்லை. அச்சம் எழும்போது உரிமை தொடங்கி, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது என்பது 102-ஆம் பிரிவு. தாக்கியவன் வீழ்ந்த பின்னரோ ஓடிய பின்னரோ கொடுக்கப்படும் அடி பழிவாங்கலாகவே கருதப்படும். இந்தியாவில் 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வடிப்படைகளையே 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தொடர்கிறது. சிங்கப்பூரில் இப்பிரிவுகள் 2020 சனவரி முதல் மாற்றியமைக்கப்பட்டன. தேவையும் அளவும் என்னும் வரம்புகள் அங்கும் நிலைத்துள்ளன.

எடுத்துக்காட்டுகள் உணர்த்தும் உண்மை

இச்சட்டத்தொகுப்பை ஓர் இலக்கிய நூலைப்போல் கூர்ந்து கற்போர், அதன் கொள்கையைப் பிரிவுகளைவிட எடுத்துக்காட்டுகளிலேயே தெளிவாகக் காணலாம். 98-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில் மனநிலை திரிந்த ஒருவன் கொல்ல முயல்கிறான். அவன்மீது குற்றம் இல்லை. ஆயினும், அவனை எதிர்க்கும் உரிமை, நல்லறிவுடையவனை எதிர்க்கும் உரிமைக்குச் சற்றும் குறைந்ததன்று. 106-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில் ஒரு கூட்டம் ஒருவனைக் கொல்ல வருகிறது. கூட்டத்தினிடையே சிறுவர்கள் உளர். சிறுவர்களுக்குத் தீங்கு நேரும் என்னும் இடரை ஏற்காமல் அவன் சுட இயலாது. அவன் சுட்டு ஒரு சிறுவனுக்குத் தீங்கு நேர்ந்தாலும் அவன் குற்றவாளி ஆகான்.

‘சாக வேண்டியவனே இறந்தான்’ என்பது தற்காப்புரிமையின் அடிப்படையாக இருக்குமாயின், இவ்விரு எடுத்துக்காட்டுகளும் சட்டத்தில் இடம்பெற்றிருக்க முடியாது. மனநிலை திரிந்தவனும் சிறுவனும் எவ்வகையிலும் சாவுக்கு உரியவர் அல்லர். எனவே, சட்டம் இறந்தவனின் குணத்தையோ பழியையோ நிறுப்பதில்லை. அந்தக் கணத்தில் இருந்த ஆபத்தையும், அதிலிருந்து மீள வேறு வழி இருந்ததா என்பதையுமே அது நோக்குகிறது எனலாம்.

இரு வழக்குகள்

இந்திய உச்ச நீதிமன்றம் 1952-இல் தீர்ப்பளித்த அம்ஜத் கான் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். 1950-இல் கட்னி நகரில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தில், ஒரு கூட்டம் கடைக்காரர் ஒருவரின் கட்டடத்தில் அடுத்த பகுதியை உடைத்துச் சூறையாடியது. பின்னர் அவர் கதவையும் தடிகளால் அடித்தது. அவர் இருமுறை சுட்டதில் ஒருவர் இறந்தார், மூவர் காயமுற்றனர். கீழ் நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்றன. கதவு உடையும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்றும், அத்தகைய நெருக்கடியில் செய்ததை நுண்ணிய தராசில் நிறுத்தல் ஆகாது என்றும் கருதி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்த வழக்கு இதற்கு நேர்மாறானது. துப்பாக்கியோடு பிறர் வீட்டிற்குச் சென்று, குடும்பத்தினரைக் கட்டிப்போட்டு, வீட்டுக்காரரைச் சுட்டுக் கொன்ற ஒருவர், அவர் தம்மை நாற்காலியால் தாக்க முற்பட்டதாகக் கூறித் தற்காப்பை முன்வைத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆபத்தைத் தானே கொண்டுவந்தவன், அதற்கு எதிராகத் தற்காப்பு கோர இயலாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மதிப்பீடு

இச்சட்டத்திலும் குறையில்லாமல் இல்லை. 103-ஆம் பிரிவு வழிப்பறி, இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருப்புக்குத் தீ வைத்தல் ஆகியவற்றை எதிர்க்கையிலும் மரணம் விளைவிக்க இடம் தருகிறது. இவற்றில் உயிரச்சம் தனியாகக் கோரப்படவில்லை. இங்குச் சட்டம் ஆததாயிப் பட்டியலை நெருங்கிவிடுகிறது எனலாம். உயிருக்கு உயிர் என்பதைவிடப் பொருளுக்கு உயிர் என்பது அறநோக்கில் தாங்கிக்கொள்வதற்கு அரியது. எனினும், 99-ஆம் பிரிவின் வரம்புகள் இதற்கும் பொருந்தும் என்பதை மறத்தலாகாது. இரவில் புகுந்தவன் என்பதனால் மட்டுமே, கூச்சல் கேட்டுச் சுவரேறி ஓடுபவனை விரட்டிச் சென்று கொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

சட்டம் இதனை ‘உரிமை’ என்றே அழைக்கிறது, ஆகவே அது கொலையைச் சரியென ஏற்கிறதன்றோ என ஒருவர் வினவலாம். அவ்வுரிமை எதிர்ப்பதற்கான உரிமையே ஆகும். இறப்பு அவ்வெதிர்ப்பின் எல்லையில் நேரக்கூடிய விளைவு. இதனாலேயே, உரிமையை நல்லெண்ணத்தோடு பயன்படுத்தி, பழிவாங்கும் கருத்தின்றி வரம்பு மீறியவனை 300-ஆம் பிரிவின் இரண்டாம் விலக்கு கொலைக் குற்றத்திலிருந்து மட்டுமே நீக்குகிறது. அவன் குறைந்த குற்றம் ஒன்றிற்குத் தண்டனை பெறுகிறான். தற்காப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பும், மலேசியச் சான்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவனையே சார்ந்தது.

முடிவுரை

ஆததாயிக் கொள்கை ‘அவன் எத்தகையவன்?’ என வினவுகிறது. குறள் ‘நீ எத்தகையவனாக இருக்க விரும்புகிறாய்?’ என வினவுகிறது. சட்டம் ‘அக்கணத்தில் வேறு வழி இருந்ததா?’ என வினவுகிறது. ஒன்றின் விடையை மற்றொன்றிற்கு விடையாகக் கொள்வதனாலேயே குழப்பம் எழுகிறது. கொள்ளையன் இறந்த செய்தியைக் கேட்டு மகிழ்வோர் முதல் வினாவிற்குரிய விடையைச் சட்டத்தின் வாயில் வைத்துப் பேசுகின்றனர். அந்நம்பிக்கையோடு அரிவாளை எடுக்கும் ஓர் இளைஞன், ஓடுபவனைத் துரத்திய காரணத்தால் கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்க நேரிடும். தன் மனைவி மக்களைக் காக்க வேறு வழியின்றி ஓர் உயிரைப் போக்கியவனை நீதிமன்றம் விடுவிக்கும். அதன் பின்னரும் அவன் மனத்தில் எஞ்சும் துயரத்திற்குச் சட்டம் மருந்தாகாது. விஞ்ஞானேசுவரர் சிறு கழுவாய் என்று குறித்ததும், வள்ளுவர் விலக்கென ஒன்றும் கூறாது விட்டதும் அத்துயரத்தை அறிந்தமையால் எனக் கொள்வது பொருந்தும்.