அரசியின் கண்ணீரும் அபர்வான் நிலக்கரியும்

பீற்றர் மோர்கன் உருவாக்கிய 'த கிரவுண்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் 2016 முதல் 2023 வரை 60 பகுதிகளாக நெட்பிளிக்ஸில் வெளிவந்தது. இரண்டாம் எலிசபெத் அரசியின் வாழ்வே அதன் பொருள். அதில் எது மெய், எது புனைவு என்னும் வினா பிரித்தானியாவில் அரசியல் வினாவாகவே மாறிற்று. இது கற்பனையே என்று ஓர் அறிவித்தலை இடுமாறு 2020 இல் கலாசார அமைச்சர் ஒலிவர் டவ்டன் கேட்டார், நெட்பிளிக்ஸ் மறுத்தது. 2022 இல் நடிகை ஜூடி டெஞ்ச் அதே கோரிக்கையைப் பத்திரிகைக் கடிதமாக விடுத்தார். 1991 இல் இளவரசர் சாள்ஸ் பிரதமர் ஜோன் மேஜரிடம் தாயாரின் முடிதுறப்புப் பற்றிச் சாடையாகப் பேசுவதாக ஒரு காட்சி வந்தபோது, அப்படியொரு பேச்சே நிகழவில்லை என மேஜர் தரப்பினர் கொதித்தெழுந்தனர்.

இக்கூக்குரல்களிற் பெரும்பாலானவை அரச குடும்பத்தின் மானத்தைக் காக்க எழுந்தவை. 1972 மே 22 வரை இலங்கைக்கும் இவ்வம்மையாரே அரசியாக இருந்தாராயினும், அந்த மானத்தைக் காக்கும் பொறுப்பு நமக்கில்லை. மூடிய அறைக்குள் இருவர் பேசியதை எவரும் குறித்துவைப்பதில்லை. நாடகாசிரியன் அதைக் கற்பித்தே ஆகவேண்டும். அதற்காக அவனைக் குற்றக்கூண்டில் நிறுத்துதல் இலக்கிய விமர்சனமாகாது. நாம் ஆராய வேண்டியது வேறு. நடந்த நிகழ்ச்சிக்கு நாடகம் எதனைக் காரணமாகக் காட்டுகிறது? அந்நிகழ்ச்சியில் யாரை நடுவில் நிறுத்துகிறது?

1966 ஒக்டோபர் 21 ஆந் திகதி காலை, வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்தில், மலைச்சரிவிற் குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து பள்ளிக்கூடமொன்றையும் வீடுகளையும் மூடிற்று. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். 2019 இல் வெளியான மூன்றாம் பருவத்தின் ஒரு பகுதி இதனையே கூறுகிறது. பேரழிவைக் காட்டும் தொடக்கக் காட்சிகள் உயர்ந்த கலைத்திறன் வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன்பின் கதையின் வினா மெல்ல மாறிவிடுகிறது. அரசி எட்டு நாட்கள் ஏன் தாமதித்தார்? சென்றபோது உண்மையாகவே அழுதாரா, அல்லது வரண்ட கண்ணைத் துடைத்து நடித்தாரா? இறுதியில் தனியறையில் அவர் கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி உருள்கிறது, நாடகம் முடிகிறது. அங்கு அவர் கண் கலங்கியதை நேரிற் கண்டோம் என்றவர்கள் உண்டு. அவ்வளவில் மெய்க்கும் புனைவுக்கும் இடையிலான வழக்குத் தீர்ந்தது என்று எண்ணுவோரும் உளர்.

அபர்வான் மக்களின் வழக்கோ அதுவன்று. அந்த ஏழாம் இலக்கக் குவியல் நீரூற்றின் மேல் எழுப்பப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு நேரக்கூடிய அபாயத்தை 1963 இலேயே உள்ளூர் நகரசபையின் பொறியியலாளர் கடிதத்தில் எழுதிவிட்டார். தேசிய நிலக்கரிச் சபையே குற்றவாளி என 1967 இல் விசாரணை மன்றம் ஐயந்திரிபறக் கூறியது. ஆயினும் எவரும் வேலை நீக்கம் செய்யப்படவில்லை. எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அழிவு நேர்ந்த மறுநாள், சபைத் தலைவர் ரொபென்ஸ் பிரபு சரே பல்கலைக்கழக வேந்தராகப் பதவியேற்கும் விழாவிலிருந்தார். எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கென, பொதுமக்கள் அனுதாபத்தோடு அனுப்பிய நிதியிலிருந்தே 1968 இல் 150,000 பவுண் பறிக்கப்பட்டது. பறித்தது தொழிற்கட்சி அரசாங்கம். பிரதமர் ஹரோல்ட் வில்சன், அதாவது நாடகத்தில் அரசிக்கு ஆறுதல் கூறும் அதே நல்ல மனிதர். அப்பணம் 1997 இற்றான் வட்டியின்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. குழந்தைகளைப் புதைத்த தாய்தந்தையர் இப்பணத்துக்காக நடத்திய போராட்டத்தில் நாடகத்துக்குரிய பொருள் இல்லையா? அரண்மனை வாயிலுக்கு அது வராமையால் காமெராவுக்கு அகப்படவில்லை போலும்.

கானா பற்றிய பகுதியும் இவ்வகையினதே. 1961 நவம்பரில் அரசி அக்ராவில் குவாமே நிக்ருமாவோடு நடனமாடியது மெய், புகைப்படமே உண்டு. ஆனால் தொடரோ, ஜாக்குலின் கென்னடியின் ஏளனத்தால் மனம் புண்பட்ட அரசி அந்நடனத்தால் ஒரு நாட்டையே சோவியத் பக்கத்திலிருந்து மீட்டெடுத்ததாகக் கதை பின்னுகிறது. நிக்ருமாவின் நாட்டம் வோல்ற்றா நதி அணையில் இருந்தது. அரசியைத் தாம் பணயம் வைத்தாயிற்று, இனிக் கென்னடி பணத்தைப் பணயம் வைக்கட்டும் என்னும் பொருள்படப் பிரித்தானியப் பிரதமர் மக்மில்லன் கூறியதாகச் சொல்வதுண்டு. டிசெம்பரில் அமெரிக்கா கடனுதவிக்கு இணங்கிற்று. அணையின் மின்சாரத்திற் பெரும்பங்கு மலிவு விலையில் அமெரிக்கக் கைசர் கம்பனியின் அலுமினிய உலைக்குச் சென்றது. ஆபிரிக்கத் தலைவனொருவனின் பொருளாதாரக் கணக்கு, திரையில், ஒரு பெண்மணியோடு ஆடக்கிடைத்த பூரிப்பாகச் சுருங்கிவிட்டது. நடனம் மெய்யாக இருந்தமையாலேயே இப்பொய் எளிதில் விலைபோகிறது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் அத்தொடரிலேயே உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1982 ஜூலை 9 அதிகாலையில் மைக்கல் பேகன் என்பவர் அரண்மனைச் சுவரேறி அரசியின் படுக்கையறைக்குள் நுழைந்தார். தொடரில் அவர் கட்டிலருகே அமர்ந்து, வேலையின்மையையும் தச்சர் ஆட்சியின் கொடுமையையும் அரசியிடம் விரிவாக எடுத்துரைக்கிறார். அத்தகைய உரையாடல் நிகழவில்லை. அரசி உடனே அறையை விட்டு ஓடிவிட்டார் என்று பேகனே பின்னாளிற் கூறியிருக்கிறார். எனினும் அவ்வாண்டில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்திருந்தது மெய். அபர்வான் பகுதியைவிட இப்புனைவு தன் காலத்துக்கு நெருங்கி நிற்கிறது. ஏனெனில் இங்கே, ஒருமுறையேனும், பேசுபவன் தொழிலாளி, கேட்பவர் அரசி. உண்மைப் பேகனின் பேச்சை அன்று எவரும் கேட்கவில்லை. அவரை மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டு, அரண்மனைக் காவலில் இருந்த ஓட்டைகளைப் பற்றியே பாராளுமன்றம் விவாதித்தது.