நெடுந்தூரச் சைக்கிளும் பலவகைப் பயிற்சியும்

திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லும் கரிசல்காட்டுச் சாலையில், பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காய் ஒரே வேகத்தில் சைக்கிள் மிதிப்பவரைக் கவனித்தால், சரீரம் ஒரு வேலைக்குப் பழகிவிட்டால் அதற்குமேல் முன்னேறச் சம்மதிப்பதில்லை என்பது விளங்கும். ஒருநாள் மூச்சு வாங்கச் சிறு தூரம் விரைந்தும், ஒருநாள் பேசிக்கொண்டே நிதானமாகவும், ஒருநாள் மேடேறியும், ஒருநாள் ஓய்ந்தும் பழகவேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு ஆதாரம் இதுவே. 1930-களில் ஸ்வீடன் தேசத்துக் கோஸ்டா ஹோல்மர் ஓட்டக்காரர்களுக்கு வகுத்த ‘ஃபார்ட்லெக்’ இவ்வகையில் பிரசித்தமானது. இருதயம் பலப்படும்; வேலைக்குப் போகிறவனுக்கு நேரமும் மிச்சம். இவ்வளவும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், நெடுந்தூரப் பிரயாணத்தின் சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. ‘பிரெவே’ என்னும் சவாரிகளில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரமும், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரமும் அனுமதிக்கிறார்கள். கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான், அதிலும் சாப்பாடும் ஓய்வும் அடக்கம். ஆகவே பலர் பாதியில் இறங்குவது வேகக் குறைவினால் அன்று. ஹேண்டில்பாரை அழுத்தியே மரத்துப்போன விரல்களுக்குத் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகத் திராணி இராது, காலையில் இனித்த வாழைப்பழம் பிற்பகலில் குமட்டும், உட்காருமிடம் ரணமாகும். இவையெல்லாம் ஏழெட்டு மணி நேரம் கழித்தே தலைகாட்டும் உபத்திரவங்களாதலால், முக்கால் மணி நேர விரைவுப் பயிற்சியை எத்தனை விதமாக மாற்றினாலும் இவற்றுக்குப் பரிகாரம் கிடைப்பதில்லை. தேர்ந்த வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் ஸைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் நிதானமானவையே என்று கண்டார். ஆனால் நம் உற்சாகிகளுக்குப் பிடித்ததோ எஞ்சிய இருபதுதான்!

பிரதேசத்தையும் யோசிக்கவேண்டும். மேடு வேண்டுமென்றால் செங்கோட்டை தாண்டிப் புளியரைக்குப் போகவேண்டும். அதற்கென்று பிரயாசைப்படுவது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மேல்காற்றுக்கு எதிரே சங்கரன்கோவிலை நோக்கி மிதித்தால் போதும். காற்றின் தடை சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், சமதரையே மலையாகிவிடும். மலையிலாவது ஏறியபின் இறக்கம் உண்டு. எதிர்க்காற்றில் அந்தச் சலுகை ஊர் திரும்பும்வரை கிடையாது. பெடல் ஒரு கணமும் ஓயாத இந்தச் சிரமம் நெடுந்தூரக்காரனுக்கு மிகவும் பொருத்தமானது. பங்குனி, சித்திரை வெயிலில் குளிர்தேசத்துப் பயிற்சி அட்டவணையை அப்படியே நடத்துவதோ அபாயம்.

என்னைக் கேட்டால், வாரத்தில் ஒருநாள் கடும் வேகம், ஒருநாள் சலிப்பூட்டும் நீண்ட சவாரி. மற்ற நாட்களை அவரவர் சௌகரியத்துக்கு விடலாம். அந்த நீண்ட சவாரியையும் சிலசமயம் அந்தியில் தொடங்கவேண்டும். 600 கிலோமீட்டர் சவாரியின் 40 மணி நேரத்தில் ஓரிரவாவது குறுக்கிடுமென்பது தெரிந்திருந்தும், விளக்கொளியில் தூக்கத்தோடு போராடி மிதிப்பதற்குப் பெரும்பாலான அட்டவணைகள் ஒரு நாளும் ஒதுக்குவதில்லை.