ஒரே வருஷத்தில் இரண்டு நாவல்கள்

நிறையப் பேர் படிக்கிற நாவல் நல்ல நாவலாக இருக்க முடியாது என்று சொல்கிற விமரிசகர்கள் உண்டு. நிறையப் பேர் படிப்பதாலேயே அது நல்ல நாவல் என்று சொல்கிற பிரசுரகர்த்தர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் சேர எனக்கு இஷ்டமில்லை. வாசகர்களை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் 1936-ஆம் வருஷத்து அமெரிக்காவை நினைத்தால் எனக்குச் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் அமெரிக்கத் தென் மாகாணங்களையும் உள்நாட்டு யுத்தத்தையும் பற்றி இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்று, மார்கரெட் மிட்சலின் 'கான் வித் தி விண்ட்'. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புஸ்தகம். ஆறே மாதத்தில் பத்து லக்ஷம் பிரதிகள் விற்றது. மறு வருஷம் புலிட்ஸர் பரிசு, 1939-இல் சினிமா. மற்றொன்று, வில்லியம் பாக்னரின் 'ஆப்ஸலம், ஆப்ஸலம்!'. அதை வாங்கியவர்கள் சொற்பம். 1940-களின் நடுவில் பாக்னரின் நாவல்களில் பெரும்பாலானவை அச்சிலேயே இல்லை. 1946-இல் மால்கம் கௌலி என்ற விமரிசகர் அவர் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறிற்று. 1949-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பாக்னரின் வாக்கியங்கள் நீளம், அதனால் விற்கவில்லை என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

மிட்சல் வாசகனை ஸ்கார்லெட்டின் பக்கத்தில் நிற்க வைக்கிறார். எல்லாம் பறிபோன நிலத்தில், இனிப் பட்டினி கிடப்பதில்லை என்று சபதம் செய்கிற பெண் அவள். வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த அமெரிக்கர்களுக்கு அவளைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பாத்திரத்தைப் படைப்பது லேசான காரியமல்ல. ஆனால் அவள் இழந்த செல்வம் யாருடைய உழைப்பு என்பது வாசகனை உறுத்துவதேயில்லை. எஜமானரை விட்டுப் போகாத அடிமைகளே அந்த நாவலில் நல்ல அடிமைகள்.

பாக்னரின் ஸட்பன் ஏழை வெள்ளைக்காரப் பையன். ஒரு பெரிய வீட்டின் முன்வாசலுக்குப் போனவனைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லி விரட்டுகிறார்கள். தானும் அப்படி ஒரு வீட்டுக்கு எஜமானனாக வேண்டுமென்று புறப்படுகிறான், ஆகிறான். இடையில், கறுப்பர் ரத்தம் கலந்தவள் என்று தெரிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் தள்ளிவிடுகிறான். வருஷங்கள் கழித்து அந்தப் பிள்ளை அவன் வாசலுக்கே வந்து நிற்கிறான். மகனே என்று அழைக்க ஸட்பனுக்கு வாய் வரவில்லை. குடும்பமே அழிகிறது. இங்கே வாசகன் யார் பக்கத்தில் நிற்பான்?

பாக்னருக்கும் பணம் வேண்டியிருந்தது. 1931-இல் வந்த 'ஸாங்சுவரி' நாவலைப் பணத்துக்காக எழுதியதாக அவரே பின்னால் முன்னுரை எழுதி ஒப்புக்கொண்டார். அது விற்கவும் விற்றது. விற்கும் வழி தெரிந்தவர்தான், ஐந்து வருஷம் கழித்து 'ஆப்ஸலம்' எழுதினார்.

தொடர்கதைக்கு உட்காரும்போதெல்லாம் வாசகனை எங்கே நிற்க வைத்தால் அவனுக்குச் சௌகரியம் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் அங்கேதான் நிற்க வைக்கிறேன். பாக்னரைப் படித்த பிறகு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.