சீக்கோ 6139: நிறுத்தி வைத்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய ஜப்பானியக் கைக்கடிகாரம் வாங்க வருகிறவர்கள் முதலில் டயலைப் பார்க்கிறார்கள். சீக்கோ 6139 விஷயத்தில் அந்த ஈர்ப்பு நியாயமானதுதான். வெயிலில் தங்கமாகவும் நிழலில் பழுப்பாகவும் மாறும் மஞ்சள் முகம், அதைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ஒரு வளையம், அடியில் முப்பது நிமிடக் கணக்குக்கு ஒரு சிறு வட்டம். பார்த்தவுடன் பிடித்துப்போகும். ஆனாலும் என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது வேறு. மேல் பித்தானை அழுத்தி ஸ்டாப்வாட்ச் முள்ளை நிறுத்துங்கள். சில மணி நேரம் அப்படியே விடுங்கள். அதற்குப் பிறகும் கடிகாரம் ஓடுகிறதா, நேரம் தவறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான விற்பனை வீடியோக்களில் அந்த முள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

என் மேசையில் இருப்பது 6139-6002. பின்மூடியில் இருக்கும் இந்த எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் இயந்திரத்தையும் அடுத்த நான்கு கேஸையும் குறிக்கும். அதனுடன் ஆறு இலக்க வரிசை எண் ஒன்றும் உண்டு. அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். இந்தக் கடிகாரத்தின் எண் 38 என்று தொடங்குகிறது. அப்படியானால் 1973 ஆகஸ்ட். 6139 எழுபதுகளோடு முடிந்துபோன வரிசை என்பதால் பத்தாண்டுக் குழப்பம் அதிகம் வராது.

கையில் கட்டினால் 41 மில்லிமீட்டர் என்றே தெரியாது. காதுகள் குட்டை, கேஸ் மணிக்கட்டோடு படிந்து உட்கார்கிறது. பட்டை அகலம் மட்டும் 19 மில்லிமீட்டர். சாதாரணக் கடைகளில் 18 அல்லது 20 தான் கிடைக்கும் என்பதால் நல்ல பட்டைக்கு அலைய வேண்டியிருக்கிறது. சாவி கேஸுக்குள் பாதி புதைந்திருக்கிறது. லேசாக அழுத்தினால் தேதி மாறும், முழுதாக அழுத்தினால் கிழமை மாறும், திருகினால் டயலின் ஓரத்தில் இருக்கும் உள்வளையம் சுற்றும். சாவி கொடுக்க வழியே கிடையாது. கை அசைவில் ரோட்டார் சுற்றித்தான் ஸ்பிரிங் ஏற வேண்டும்.

1969இல் தானாகச் சாவி ஏறும் முதல் க்ரோனோகிராஃப் யாருடையது என்பதில் பெரிய போட்டி நடந்தது. ஸெனித் ஜனவரியில் அறிவித்தது. ஹாயர், பிரைட்லிங் முதலியவர்கள் சேர்ந்து உருவாக்கிய இயந்திரம் மார்ச்சில் மேடை ஏறியது. சீக்கோவின் சுவா செய்கோஷா ஆலையில் செய்த 6139 அந்த ஆண்டு மே மாதமே ஜப்பானியக் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. அறிவிப்பா விற்பனையா, எதை முதல் என்பது என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். கடையில் காசு கொடுத்து வாங்க முடிந்ததா என்பதுதான் என் அளவுகோல், அதனால் என் வாக்கு சீக்கோவுக்கு. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே நிறுவனம் குவார்ட்ஸ் ஆஸ்ட்ரானை வெளியிட்டு இயந்திரக் கடிகாரங்களின் காலத்தையே மாற்றியது.

6139 விண்வெளிக்குப் போனதாகச் சொல்லப்படும் கதை உண்மைதான். 1973 நவம்பரில் ஸ்கைலாப் 4 பயணத்தில் சென்ற வில்லியம் போக் தன் சொந்த 6139ஐ எடுத்துப் போனார். நாசாவின் அதிகாரப்பூர்வக் கடிகாரம் ஒமேகா. பயிற்சியில் பழகிய இதையும் அவர் விட மனமில்லாமல் கொண்டுபோனார். அதனால் மஞ்சள் டயலுக்கு ‘போக்’ என்றே பெயர் நிலைத்தது, விலையும் ஏறியது. நீல டயலிலும் வெள்ளி டயலிலும் உள்ளே இருப்பது இதே இயந்திரம்தான்.

இனி உள்ளே போவோம். அந்தக் காலத்து சுவிஸ் க்ரோனோகிராஃப்களில் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும். பல் பல்லோடு மோதினால் முள் புறப்படும்போது ஒரு துள்ளல் தெரியும். 6139இல் நடுவிலேயே செங்குத்தாக ஒரு கிளட்ச் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஒரு தட்டு இன்னொன்றின் மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றுகிறது. நிறுத்தும் பித்தானை அழுத்தினால், தூண்கள் நிற்கும் சிறு சக்கரம் ஒன்று ஒரு படி திரும்பும். இரு லீவர் கைகள் உள்ளே வந்து மேல்தட்டைத் தூக்கிப் பிடிக்கும். முள் நின்றுவிடும், கீழே சக்கரம் மட்டும் தொடர்ந்து சுற்றும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. முள் ஓடும்போது சக்கரமும் நடு அச்சும் ஒன்றாகச் சுற்றுவதால் இரண்டுக்கும் இடையே உராய்வு இல்லை. முள் நின்றால், அசையாத அச்சின் மேல் சக்கரம் மட்டும் சுற்றியாக வேண்டும். ஐம்பது ஆண்டு பழைய எண்ணெய் அங்கே பசையாக இறுகியிருந்தால் மொத்த இயந்திரமும் திணறும். ஸ்டாப்வாட்ச் ஓடினால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும் 6139கள் ஏராளம். விற்பனை வீடியோவில் அந்த முள் ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

என் கையில் இருக்கும் இதுவும் அந்த ரகம். துடிப்பை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்தபோது முள் ஓடும் நிலையில் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 215 பாகை. நிறுத்தியதும் 165க்கு இறங்கியது. இதைச் சாதாரண சர்வீஸ் போலப் பிரித்து எல்லாவற்றையும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் காரியம் கெடும். கிளட்ச் உள்ள நடுச்சக்கரத்தைப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் எண்ணெய் முழுதும் கழுவப்பட்டுப் போனால் பிறகு சரியான இடத்தில் சரியான அளவு எண்ணெயைச் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் அந்தச் சக்கரத்தை மட்டும் தனியே எடுத்து வெளிப்புறத்தைக் கையால் துடைத்தேன். அச்சும் சக்கரமும் சேரும் இடுக்கில் மோபியஸ் 9010 மிகச் சிறு துளியாக வைத்து, பழைய பசை இளகும் வரை மெதுவாகச் சுற்றிவிட்டேன். கிளட்ச் தட்டில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் முள் வழுக்கும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை, சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். மெயின் ஸ்பிரிங் இருக்கும் உருளையின் சுவரில் பிரேக்கிங் கிரீஸ், லீவர்களின் உரசும் முனைகளில் கெட்டி கிரீஸ், கற்களில் மெல்லிய எண்ணெய். ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங்கை ஏற்றும் மேஜிக் லீவரை மட்டும் நின்று பார்க்கத் தோன்றும். இரண்டு நகங்கள் கொண்ட ஒரே ஒரு தகடு, ஒன்று இழுக்க ஒன்று தள்ள, பல்சக்கரத்தை ஒரே திசையில் நகர்த்துகிறது. 1959இல் சீக்கோ கொண்டுவந்த இந்த ஏற்பாடு இன்றைய சீக்கோக்களிலும் இருக்கிறது. இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு வேலை செய்யும் வடிவமைப்பு வேறு எந்தக் கடிகாரத்திலும் என் மனத்தைத் தொட்டதில்லை.

திரும்பப் பூட்டும்போது கவனம் வேண்டிய இடம் ஸ்டாப்வாட்ச் முள். பூஜ்யத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சுத்தியல் அடி விழுவதால், தளர்வாகப் பொருத்திய முள் சில நாளில் 12க்குப் பக்கத்தில் எங்கோ நிற்க ஆரம்பிக்கும். அழுத்திப் பொருத்திவிட்டுப் பல முறை திருப்பிச் சோதிக்க வேண்டும்.

சர்வீஸுக்குப் பிறகு வீச்சு ஓடும்போது 240, நிறுத்தியபோது 232. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 விநாடி வேகம். மணிக்கு 21,600 துடிப்பு கொண்ட, அரை நூற்றாண்டு கண்ட இயந்திரத்துக்கு இது மிக நல்ல தேறுதல்.

சேகரிப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சந்தையில் புதிதாக அச்சடித்த டயல், புதிய முள், புதிய உள்வளையம் பொருத்திய 6139கள் நிறைய உலவுகின்றன. மறு பெயின்ட் அடித்த பழைய சீக்கோக்கள் இந்தியாவிலிருந்தே வெளிநாடுகளுக்கு ஏராளமாகப் போகின்றன. போலி மஞ்சளில் அந்த நிறமாற்றம் இராது, எந்த வெளிச்சத்திலும் ஒரே தட்டை மஞ்சளாக நிற்கும். வெளுத்த உள்வளையம், மங்கிய நீலம், கீறல் விழுந்த கண்ணாடி ஆகியவை எனக்குக் குறையல்ல. பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்புகள் கரைந்த கேஸ்தான் குறை, ஏனென்றால் போன உலோகம் திரும்ப வராது.

சில 6139களின் டயலில் 70 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம். பித்தான்களின் ரப்பர் வளையங்களை மாற்றிய பிறகும் நான் என்னுடையதைக் குழாயடியில் கட்டுவதில்லை.

பளபளக்கும் மஞ்சளுக்கு இரட்டிப்பு விலை கேட்டால், அதே காசில் நன்றாக ஓடும் ஒரு வெள்ளி டயலும் உதிரிக்கென ஒரு பழுதான 6139ம் வாங்குங்கள். நடுச்சக்கரம் இப்போது யாரும் செய்வதில்லை. அந்தப் பழுதான இயந்திரத்தில் அது நன்றாக இருந்தாலே போதும், கொடுத்த பணத்துக்குத் தகும்.